பாப்பாய் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கினால்

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை வைத்து விடுமுறை முகாமில் ஒரு படக்கதைப் புத்தகம் போடப் பார்க்கிறீர்கள். பாப்பாய், டாம், ஜெர்ரி, ரோட் ரன்னர் என்று பழைய கார்ட்டூன் ஆட்கள் ஒரு பக்கம். சூப்பர்மேன், பேட்மேன், ஹல்க் என்று காமிக்ஸ் வீரர்கள் மறுபக்கம். எல்லாரும் பினாங்கில் சந்திக்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. ஆனால் மூன்றாம் பக்கத்தைத் தொடுவதற்குள் "யார் பலசாலி" என்று வகுப்பு இரண்டு கட்சியாகி, கதை அங்கேயே படுத்துவிடுகிறது. இதற்குத் தொழில்முறையில் ஏதாவது விதி உண்டா, பாப்பாயும் ஹல்க்கும் மோதினால் யார் ஜெயிப்பார், புத்தகத்தை அச்சிட்டுக் கேண்டீன் தினத்தில் விற்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அவற்றுக்கு அடியில் இருக்கும் கேள்விதான் பெரியது: இந்த இரண்டு கூட்டமும் ஒரே பக்கத்தில் நிற்கும்போது கதை ஏன் நகர மறுக்கிறது? யார் ஜெயித்தார் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டாலும் நான்காம் பக்கத்தில் அது மறுபடி நிற்கும்.

நான் கோலாலம்பூரில் கார்ட்டூன் தொடர்களுக்கு ஸ்டோரிபோர்டு வரைகிறவன். எழுத்தாளர் "அவன் குழியில் விழுகிறான்" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பிவிடுவார். எந்தக் கோணத்தில் விழுகிறான், விழுவதற்கு முன் எவ்வளவு நேரம் அந்தரத்தில் நின்று நம்மைப் பார்க்கிறான் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து வரைந்து கொடுப்பது என் வேலை. காமிக்ஸ் எனக்குப் பிழைப்பு அன்று, பைத்தியம். ஆகவே கார்ட்டூன் பற்றி நான் சொல்வதைத் தொழில் அனுபவமாகவும், காமிக்ஸ் பற்றிச் சொல்வதை நீண்ட நாள் வாசகனின் பேச்சாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் சட்டம் பற்றிச் சொல்லப்போவதற்கு அந்த மதிப்பும் கிடையாது.

முதலில் வெற்றி தோல்வியை முடித்துவிடுவோம். யார் ஜெயிப்பார் என்பதற்கு விதி எதுவும் இல்லை. இதை ஐயமின்றிச் சொல்லலாம். 1996இல் டிசி, மார்வெல் என்ற இரண்டு அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனங்களும் கூட்டாகத் தங்கள் வீரர்களை மோதவிட்டபோது, ஐந்து பெரிய சண்டைகளின் முடிவை வாசகர்களின் வாக்குக்கே விட்டுவிட்டன. சூப்பர்மேன் ஹல்க்கை வென்றார். பேட்மேன் கேப்டன் அமெரிக்காவை வென்றார். வொண்டர் வுமனை எக்ஸ்மென் குழுவின் ஸ்டார்ம் வீழ்த்தினார். கிரேக்கத் தெய்வங்களின் வரம் பெற்றவர் எப்படித் தோற்றார் என்று கேட்டால், அந்த ஆண்டுகளில் எக்ஸ்மென் புத்தகங்களுக்கு இருந்த வாசகர் கூட்டம்தான் காரணம் என்பது என் ஊகம். மார்வெலின் வுல்வரினும் டிசியின் லோபோவும் மோதிய கட்டம் எனக்கு மிகவும் பிடித்தமானது. இருவரும் ஒரு மதுக்கடையின் மேடைக்குப் பின்னால் விழுகிறார்கள். சண்டை நம் கண்ணில் படுவதில்லை. கடைசியில் வுல்வரின் எழுந்து வருகிறார். எப்படி ஜெயித்தார் என்பதற்கு நம்பும்படியான வழி கிடைக்காதபோது முன்னால் ஒரு மேடையைப் போட்டு மறைத்துவிடுவது எங்கள் தொழிலின் பழைய தந்திரம். பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள், பின்னால் உதவும்.

கார்ட்டூன் பக்கமும் இதே கதைதான். 1988இல் வந்த ரோஜர் ரேபிட் படத்தில் டிஸ்னியின் டொனால்ட் டக்கும் வார்னரின் டாஃபி டக்கும் எதிரெதிரே உட்கார்ந்து பியானோவால் அடித்துக்கொள்கிறார்கள், யாரும் ஜெயிப்பதில்லை. அதே படத்தில் மிக்கி மவுஸுக்கும் பக்ஸ் பன்னிக்கும் திரையில் சம நேரம் தர வேண்டும் என்பது வார்னர் போட்ட நிபந்தனை. ஆக, புஜபலத்தை அளந்து யாரும் முடிவெடுப்பதில்லை. வாக்குப் பெட்டியோ வழக்கறிஞரோ எடுக்கும் முடிவு அது. "நம் வகுப்பில் வாக்கெடுப்பு வைத்தாயிற்று, இனிக் கதைக்கு வருவோம்" என்று நீங்கள் சொன்னால் அது முழுக்கத் தொழில்முறையான அணுகுமுறைதான்.

கதை நிற்பதற்கான காரணம் வேறு. கார்ட்டூன் உடம்புக்கு ஒரு சட்டம், காமிக்ஸ் உடம்புக்கு ஒரு சட்டம். டாமின் தலையில் பியானோ விழுந்தால் வாயைத் திறக்கும்போது பல் வரிசையில் பியானோ கட்டைகள் தெரியும். அடுத்த காட்சியில் பழைய டாம், பழைய பற்கள். பேட்மேனின் தாய் தந்தையர் ஒரு தெருவில் சுடப்பட்டு இறந்ததை 1939இல் சொன்னார்கள். அந்தப் பையன் இன்னும் அதிலிருந்து மீளவில்லை. கார்ட்டூனில் அடி அடுத்த காட்சி வரை கூடத் தங்காது. காமிக்ஸில் அடி தங்கும், தங்கினால்தான் அடுத்த இதழுக்குக் கதை. இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் வைத்து "அடிங்கடா" என்று விட்டால், ஒருவன் அடிக்க மற்றவன் துள்ளி எழ, ஒருவன் அடிக்க மற்றவன் துள்ளி எழ, இப்படியே பக்கம் நிறையும். உங்கள் பிள்ளைகளின் மூன்றாம் பக்கத்தில் நடப்பது இதுதான்.

ரோட் ரன்னர் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1949இல் தொடங்கிய அந்த வரிசையை இயக்கிய சக் ஜோன்ஸ், தாம் கடைப்பிடித்த விதிகளைத் தன் சுயசரிதையில் பட்டியலாகவே கொடுத்திருக்கிறார். ரோட் ரன்னர் பறவையைத் துரத்தும் ஓநாய் போன்ற கயோட்டிக்குத் தீங்கு செய்வது அவனுடைய அசட்டுத்தனமாகவோ, அவன் வாங்கிப் பயன்படுத்தும் ஆக்மி கம்பெனிச் சாமானின் கோளாறாகவோ மட்டுமே இருக்க வேண்டும். முடிந்த இடத்திலெல்லாம் புவியீர்ப்பையே அவனுடைய பெரிய எதிரியாக்க வேண்டும். அந்தப் படங்களுக்குக் கதை எழுதிய மைக்கேல் மால்டீஸோ அப்படியொரு பட்டியலைக் கேள்விப்பட்டதே இல்லை என்று சொல்லிவிட்டார். இருவரில் யார் சொல்வது சரி என்பதைவிட, படங்களில் அந்த ஒழுங்கு இருப்பது உறுதி என்பதே நமக்கு வேண்டியது. முன்கூட்டியே எழுதி வைத்தார்களா, செய்துவிட்டுப் பிறகு கண்டுபிடித்தார்களா என்பதில் மட்டும்தான் சந்தேகம். நல்ல கார்ட்டூன்கள் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு நாட்டுச் சட்டம் இருக்கிறது. காமிக்ஸ் உலகங்களுக்கும் இருக்கிறது.

ஆகவே சந்திப்புக் கதையில் முதலில் கேட்க வேண்டியது, சந்திப்பு யார் வீட்டில் என்பதே. விருந்துக்குப் போனவர் அந்த வீட்டு வழக்கப்படி நடக்க வேண்டும். போகிற வீடு பேட்மேனுடையது என்றால் கார்ட்டூன் ஆள் இரத்தமும் சதையுமாக மாற வேண்டும். கார்ட்டூன் வீடு என்றால் பேட்மேன் தலையில் பியானோ விழ வேண்டும், விழுந்து பல் பியானோ கட்டையாக வேண்டும். இரண்டையும் ஒரே புத்தகத்தில் செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள். 2017இல் டாம் கிங் எழுத, லீ வீக்ஸ் வரைந்த ஒரு சிறப்பிதழில் பேட்மேனும் எல்மர் ஃபட்டும் சந்திக்கிறார்கள். முதல் கதை பேட்மேனின் கோத்தம் நகரத்து இருட்டில் நடக்கிறது. முயல் வேட்டைக்காரனான எல்மர் அங்கே காதலியைப் பறிகொடுத்த ஒரு கூலிக் கொலையாளி. பக்ஸ் பன்னி, முன்பல் நீண்ட ஒரு சில்லறை ரௌடி. மதுக்கடையில் உட்கார்ந்து கேரட் சாறு குடிக்கிறான். ஒருவன்கூடத் துள்ளி எழுவதில்லை. புத்தகத்தின் பின்பகுதியில் அதே ஆட்களை வைத்து ஒரு குட்டிக் கதை இருக்கிறது. அங்கே ஓவியரே மாறிவிடுகிறார், எல்லாம் கார்ட்டூன் கோடு, பேட்மேன் நகைப்புக்கு ஆளாகிறார். ஒரே எழுத்தாளர், ஒரே ஆட்கள், வீடு மட்டும் வேறு. உங்கள் முகாமுக்கு இதைவிட நல்ல பாடப் புத்தகம் எனக்குத் தெரியாது, ஆனால் முதல் கதை பிள்ளைகளுக்கு ஏற்றதன்று; நீங்கள் படித்துவிட்டு வாயால் சொல்லுங்கள்.

இதெல்லாம் அமெரிக்கச் சரக்கு என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. பாரதத்தின் வனபருவத்தில் திரௌபதிக்காகப் பூத்தேடிப் போகும் வீமன், வழியில் படுத்துக் கிடக்கும் ஒரு கிழக் குரங்கை நகரச் சொல்கிறான். "எனக்கு முடியவில்லை அப்பா, வாலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போ" என்கிறது குரங்கு. ஒரு கையால் முயல்கிறான், பிறகு இரண்டு கையாலும் முயல்கிறான், வால் அசையவில்லை. அது அனுமன். இராமாயணத்து வீரன் பாரதத்துக்குள் வந்திருக்கிறான். ஓர் அடிகூட விழவில்லை, யார் பலசாலி என்ற கேள்வி முடிந்துவிட்டது, கதை நகர்கிறது. இருவரும் வாயு மைந்தர்கள், அண்ணன் தம்பி என்று தெரிந்த பிறகு அந்தச் சந்திப்பின் சுவையே வேறு. இன்னொன்று சியமந்தக மணிக் கதை. இராமனுக்குத் தோள்கொடுத்த ஜாம்பவானும் கண்ணனும் ஒருவரை ஒருவர் அறியாமல் குகைக்குள் மல்லுக்கட்டுகிறார்கள், பாகவதக் கணக்கில் 28 நாள். கடைசியில் "இவன் என் இராமன் அல்லவா" என்று ஜாம்பவானுக்கு உறைக்கிறது. மணியையும் மகளையும் கொடுக்கிறார். தவறான புரிதல், சண்டை, அடையாளம், உறவு. இன்றுவரை காமிக்ஸ் நிறுவனங்கள் இந்த நான்கு படிகளைத்தான் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன.

1976இல் சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் முதன்முதலாகச் சந்தித்த பெரிய அளவுப் புத்தகத்தில் அதே படிகள் அப்படியே இருக்கின்றன. ஜெரி கான்வே எழுதினார், ராஸ் ஆண்ட்ரு வரைந்தார். இரண்டு நிறுவனங்களின் உலகங்கள் எப்படி ஒட்டின என்று அதில் ஒரு வரி விளக்கம்கூடக் கிடையாது. சூப்பர்மேனின் மெட்ரோபோலிஸும் ஸ்பைடர்மேனின் நியூயார்க்கும் ஒரே நாட்டில் இருக்கின்றன, அவ்வளவுதான். சிக்கல் பலத்தில்தான். சூப்பர்மேனை ஸ்பைடர்மேன் எப்படி அடிக்க முடியும்? சூப்பர்மேனின் எதிரி லெக்ஸ் லூதர் இரகசியமாகச் சிவப்புச் சூரியக் கதிரைப் பாய்ச்சி ஸ்பைடர்மேனுக்குத் தற்காலிக பலம் கொடுக்கிறான். அது தீர்ந்தபிறகும் ஸ்பைடர்மேன் விடாமல் குத்துகிறார். வலி குத்தியவர் கைக்கு. அனுமன் வாலை அமெரிக்காவில் இப்படி வரைந்திருக்கிறார்கள்.

உலகச் சட்டங்களையே கதையாக்கிய புத்தகம் என்றால் மார்வெலின் அவெஞ்சர்ஸ் குழுவும் டிசியின் ஜஸ்டிஸ் லீக் குழுவும் சந்தித்த தொடர். 1983இல் ஜார்ஜ் பெரெஸ் வரையத் தொடங்கி, இரண்டு நிறுவனங்களின் ஆசிரியர் குழுக்களும் ஒத்துப்போகாமல் கைவிடப்பட்டு, 2003இல்தான் கர்ட் பியூசிக் எழுத்தில் வெளிவந்தது. அதில் டிசியின் அதிவேக வீரர் ஃப்ளாஷ் மார்வெல் உலகத்துக்குள் கால் வைத்ததும் அவருடைய வேகம் போய்விடுகிறது. அந்த வேகத்துக்கு மூலமான சக்தி அந்த உலகத்தில் இல்லை. அங்கே மக்கள் வீரர்களைச் சந்தேகத்தோடு பார்ப்பதைக் கண்டு சூப்பர்மேன் எரிச்சலடைகிறார், "நீங்கள் இந்த உலகத்துக்கு என்னதான் செய்தீர்கள்" என்கிற தோரணையில். டிசி உலகத்தில் வீரர்களுக்குச் சிலை வைத்துக் கொண்டாடும் ஊரைக் கண்டு கேப்டன் அமெரிக்கா முகம் சுளிக்கிறார். ஒரு குத்தும் விழாமலே சண்டைக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

இனி உங்கள் பாப்பாயும் ஹல்க்கும். பாப்பாய் 1929 ஜனவரியில் இ. சி. செகாரின் நாளிதழ்ப் படக்கதையில் ஒரு சில்லறைப் பாத்திரமாக வந்தவர். தொடக்கத்தில் அவர் பலத்துக்கும் கீரைக்கும் தொடர்பே இல்லை; ஒரு மாயக் கோழியின் தலையைத் தடவித்தான் குண்டடியிலிருந்து பிழைத்தார். கீரையிலுள்ள இரும்புச்சத்தைக் கணக்கிட்ட அறிவியலாளர் ஒருவர் தசமப் புள்ளியை மாற்றிப் போட்டதால்தான் பாப்பாய்க்குக் கீரை வந்தது என்று அடிக்கடி பகிரப்படும் கதையை நம்பாதீர்கள். 1932இல் செகாரின் பாப்பாய் தன் வாயாலேயே சொன்ன காரணம் வைட்டமின் ஏ. ஹல்க் 1962இல் வந்தவர். கோபம் ஏற ஏறப் பலம் ஏறும், உச்சவரம்பு கிடையாது. பாப்பாய் அடிவாங்கி அடிவாங்கிக் கடைசி நொடியில் கீரை டின்னைப் பிழிவார், அதற்கும் உச்சவரம்பு கிடையாது. வரம்பில்லாத இருவரை மோதவிட்டால் பக்கம்தான் தீரும்.

ஆகவே வீட்டைத் தேர்ந்தெடுங்கள். ஹல்க்கின் வீடு என்று வைத்துக்கொள்வோம். பட்டர்வொர்த் ஃபெர்ரியிலிருந்து ஒரு கிழட்டு மாலுமி இறங்குகிறார். துறைமுகத்துப் பக்கம் ஒரு நாசி கண்டார் கடையின் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டு தலைமறைவாக இருக்கிறார் புரூஸ் பேனர், கோபம் வந்தால் ஹல்க்காக மாறுகிறவர். ஏதோ தகராறு, ஹல்க் எழுகிறது, படகுத்துறையின் மரத்தூண்கள் முறிகின்றன. பாப்பாய் வழக்கம்போலக் கீரையைத் தின்று குத்துகிறார், ஹல்க் போய் ஒரு கடையின் மேல் விழுகிறது. பிறகு பாப்பாய் காத்திருக்கிறார், கடை தானாக நிமிரும் என்று. நிமிரவில்லை. கடைக்காரர் இடிபாட்டுக்குள் கல்லாப் பெட்டியைத் தேடுகிறார். இதுவரை தான் உடைத்தது எதுவும் உடைந்தே இருந்ததில்லை என்பது அப்போதுதான் பாப்பாய்க்குத் தெரிகிறது. ஃபிளைஷர் ஸ்டுடியோ எடுத்த பழைய கார்ட்டூன் படங்களில் பாப்பாய் வாய்க்குள்ளேயே ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்; குரல் கொடுத்த ஜாக் மெர்சர் அவற்றில் பலவற்றைப் போகிறபோக்கில் சேர்த்தது. இந்தக் கட்டத்தில் அந்த முணுமுணுப்பு நிற்க வேண்டும். பேச்சுக் குமிழி இல்லாத ஒரு பாப்பாய், பக்கம் முழுக்க.

மாற்றிப் போடுங்கள். பாப்பாயின் வீட்டில் ஹல்க். ஹல்க் குத்துகிறது, பாப்பாய் நிலா வரை போய்ச் புகைக் குழாயோடு திரும்பி வருகிறார். ஹல்க் கட்டடத்தைத் தகர்க்கிறது, அடுத்த கட்டத்தில் கட்டடம் தூசி தட்டிக்கொண்டு நிற்கிறது. யாரும் அழவில்லை, யாரும் ஓடவில்லை, இராணுவம் வரவில்லை. ஹல்க்கின் வரலாற்றிலேயே முதல் தடவையாக அதன் கோபத்தால் யாருக்கும் எந்த நட்டமும் இல்லை. கோபம் வடிகிறது. எட்டாம் பக்கத்தில் கிழிந்த கால்சட்டையோடு பேனர் உட்கார்ந்து பாப்பாய் நீட்டும் டின்னில் இருந்து கீரை தின்கிறார், ஊர் திரும்ப மனமில்லை. எனக்கு இந்த இரண்டாவது கதை கூடுதலாகப் பிடிக்கிறது, ஆனால் உங்கள் வகுப்பில் சண்டை பார்க்க விரும்பும் பையன்கள் முதலாவதைத்தான் கேட்பார்கள்.

பாப்பாயும் சூப்பர்மேனும் உறவினர்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பாப்பாயைத் திரைக்குக் கொண்டுவந்த ஃபிளைஷர் ஸ்டுடியோதான் 1941இல் சூப்பர்மேனையும் முதன்முதலாகக் கார்ட்டூனாக்கியது. காமிக்ஸில் அதுவரை தாவிக்கொண்டிருந்த சூப்பர்மேனைத் திரையில் தவளைபோலக் குதிக்கவிட்டால் நன்றாக இராது என்று பறக்கவிட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. 1944இல் வந்த ஒரு பாப்பாய் படத்தில், பாப்பாயின் காதலி ஆலிவ் சூப்பர்மேன் புத்தகத்தில் மயங்கிக் கிடப்பதைக் கண்டு, அவருடைய எதிரி புளூட்டோ சூப்பர்மேன் வேடம் போட்டுக்கொண்டு வருகிறான். உண்மையான சூப்பர்மேன் வரவே இல்லை, சட்டைதான் வந்தது. சந்திப்புக் கதைக்கு அதுவும் ஒரு வழி.

ரோட் ரன்னருக்கும் சூப்பர்மேனுக்கும் ஜார்ஜ் டவுனைவிடப் பொருத்தமான ஊர் உலகத்தில் கிடையாது. அர்மேனியன் தெருச் சுவரில் 2012இல் எர்னஸ்ட் சக்காரெவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகளை உங்கள் மாணவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள்: பிள்ளைகள் சாயத்தில், சைக்கிள் மட்டும் உண்மையானது, சுவரில் பதித்தது. பாதி படம் பாதி நிஜமான அந்தச் சுவருக்குப் பக்கத்தில் கயோட்டி ஒரு சுரங்கப்பாதையை வரைகிறான். சாயம் காய்வதற்குள் அதன் முன் நின்று படம் எடுக்கச் சுற்றுலாப் பயணிகள் வரிசை கட்டிவிடுகிறார்கள். ரோட் ரன்னர் வரிசையைப் பிளந்துகொண்டு உள்ளே ஓடிவிடுகிறது. துரத்தும் கயோட்டி சுவரில் மோதித் தட்டையாகிறான். இதுவரை பழைய கதை. இப்போது ஒரு சிறுமி, ரோட் ரன்னரைப் பார்த்த ஆசையில், பின்னாலேயே உள்ளே நடந்து போய்விடுகிறாள். அம்மா அலறுகிறார், சூப்பர்மேன் வந்து இறங்குகிறார்.

அவர் சுவரை ஊடுருவிப் பார்க்கிறார். செங்கல். செங்கலுக்குப் பின்னால் ஒரு காப்பிக் கடையின் சரக்கு அறை, சீனி மூட்டைகள். சிறுமி இல்லை. மலையைத் தூக்குகிறவரால் உள்ளே போக முடியவில்லை, ஏனென்றால் அது சுவர் என்று அவருக்குத் தெரியும். இடித்துக்கொண்டு போகலாம் என்றால் யுனெஸ்கோ பாதுகாக்கும் பகுதி, அவர் உலகத்தில் இடிந்தது இடிந்ததுதான், போய்ச் சேருவதும் சீனி மூட்டைகளிடம்தான். பக்கத்தில் கயோட்டி தன்னைத் தரையிலிருந்து உரித்து எழுகிறான். அவனாலும் இத்தனை ஆண்டுகளாக உள்ளே போக முடிந்ததில்லை. இருவரும் அந்தக் காப்பிக் கடையில் எதிரெதிரே உட்காருகிறார்கள். ஒருவருக்குத் தெரிவதால் முடியவில்லை, மற்றவனுக்கு ஏன் முடியவில்லை என்பதே தெரியவில்லை. இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். அந்தச் சிறுமியை எப்படி வெளியே கொண்டுவருவது என்று பிள்ளைகளிடம் விட்டுப்பாருங்கள். யார் பலசாலி என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

டாம், ஜெர்ரி இருவரையும் பேட்மேனோடு சேர்ப்பது எளிது, அதனாலேயே எனக்கு அதில் ஆர்வம் குறைவு. அவர்கள் பேசுவதில்லை, பேட்மேனும் சிரிப்பதில்லை, பாதி வேலை முடிந்தது. பெரியவர்களுக்கு வேறொரு யோசனை சொல்கிறேன். உங்கள் மாணவர்களின் தாத்தாக்களில் யாராவது சிவகாசியிலிருந்து 1972 முதல் வந்த முத்து காமிக்ஸைப் படித்தவராக இருந்தால் இரும்புக்கை மாயாவியைப் பற்றிக் கேளுங்கள். பிரிட்டிஷ் படக்கதை வீரர். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கையைத் தவிர மற்ற உடம்பெல்லாம் மறைந்துவிடும். வரைவதற்கு இவரைவிடச் சுலபமான வீரர் கிடையாது, ஒரு கட்டத்துக்கு ஒரு கை போதும். டாம் மின்கம்பியைத் தொட்டால் எலும்புக்கூடு பளிச்சிடும். மாயாவி தொட்டால் ஆளே தெரியாது. இருவரும் ஒரே கம்பியைப் பிடிக்கும் ஒரு கட்டத்தை வரையச் சொல்லுங்கள், இரண்டு நாட்டுச் சட்டமும் அந்த ஒரு படத்தில் வந்துவிடும். லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடரின் (ஸ்பைடர்மேன் அல்ல, இவரும் பிரிட்டிஷ் படக்கதை ஆள்) கதைகள் பலவற்றை எழுதியவர் ஜெரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். மாயாவி, ஸ்பைடர், ரோபோ ஆர்ச்சி மூவரையும் ஒரே கதையில் கொண்டுவந்த ஆங்கிலத் தொடர் 2005இல் வந்தது. அதைப் பார்த்துத் தமிழ் வாசகன் அடைந்த பரவசம் மற்றவர்களுக்குப் புரியாது.

வரைவது பற்றி ஒன்று. 1994இல் ஆர்ச்சியும் (ரோபோ அல்ல, அமெரிக்க நகைச்சுவைக் காமிக்ஸின் பள்ளிப் பையன்) மார்வெலின் துப்பாக்கி வீரர் பனிஷரும் சந்தித்த இதழில் ஆர்ச்சி கூட்டத்தை ஸ்டான் கோல்ட்பர்கும், பனிஷர் கூட்டத்தை ஜான் புஸ்செமாவும் வரைந்தார்கள். ஒரே கட்டத்துக்குள் இரண்டு கைகள். உங்கள் முகாமில் முப்பது பிள்ளைகள் என்றால் முப்பது கோடு. அதை ஒரே மாதிரி ஆக்க முயலாதீர்கள். ஒரு பிள்ளை ஒரு பாத்திரத்தைத் தத்தெடுத்து, புத்தகம் முழுக்க அந்தப் பாத்திரத்தை அந்தப் பிள்ளையே வரையட்டும். தாள் கை மாறி மாறிப் போகும், கசங்கும், பரவாயில்லை. பின்னணியில் வரும் பினாங்குத் தெருக்களை மட்டும் ஒருவரிடம் கொடுங்கள், நன்றாகக் கோடு போடத் தெரிந்தவரிடம். அது யார் வீடு என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லப்போவது அந்தக் கைதான்.

கடைசியாக விற்பனை. நிறுவனங்கள் கைகுலுக்கிக்கொண்டால் எதுவும் நடக்கும். ஜப்பானின் அல்ட்ராமேன் குடும்பத்தைச் சேர்ந்த அல்ட்ராமேன் ரிபுட் முதலில் தோன்றியதே நம் மலேசியாவின் உப்பின் இப்பின் கார்ட்டூன் தொடரில்தான், 2014இல். உங்களுக்கும் எனக்கும் அந்த வசதி இல்லை. பாப்பாயின் 1929ஆம் ஆண்டு வடிவம் 2025 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுச்சொத்தாகிவிட்டது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பொதுக்கணக்கு, படைப்பாளி இறந்து 50 ஆண்டுகள். செகார் இறந்தது 1938இல். ஆனால் பிற்காலக் கார்ட்டூன்களில் சேர்ந்த அம்சங்களும், பெயர் மீதான வணிகச் சின்ன உரிமையும் தனிக் கணக்கு. சூப்பர்மேன், பேட்மேன், ஹல்க், டாம், ஜெர்ரி எல்லாருக்கும் விழிப்பான உரிமையாளர்கள் இருக்கிறார்கள். வகுப்புக்குள் பிரதி எடுத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போவதற்கும், அச்சடித்து மேசை போட்டுக் காசு வாங்குவதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதைச் செய்வதானால் இந்தத் துறை தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள், என் பேச்சைக் கேட்காதீர்கள். என்னைக் கேட்டால் இரண்டு பதிப்பாகப் போடுவேன். வகுப்புப் பதிப்பில் பாப்பாயும் ஹல்க்கும் இருக்கட்டும். கேண்டீன் தினத்துப் பதிப்பில் அதே கதையில், உடைந்தது தானாக நிமிரும் ஊரிலிருந்து வரும் ஒரு படகோட்டியும், உடைந்தது உடைந்தே கிடக்கும் ஊரிலிருந்து வரும் ஒரு பூதமும் இருக்கட்டும். பெயரும் உடையும் பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். அந்தப் பதிப்புக்கு அட்டையை மட்டும் புதிதாக வரையச் சொல்லுங்கள், பச்சை வண்ணம் தவிர்த்து.